நெல் இலையை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் தயார் செய்வது: வரப்பிலிருந்து வெட்டுத்துண்டு வரை

விலங்குத் திசுவுக்கு எழுதிய செய்முறையை அப்படியே நெல்லுக்குப் போட்டால் படம் தேறாது. இலையின் மேல் மெழுகு, உள்ளே காற்றறைகள், நரம்புகளின் மேல் வரிசை வரிசையாக உடுக்கை வடிவச் சிலிக்கா மணிகள். டிரான்ஸ்மிஷன் வகை (எலக்ட்ரான் கற்றை மாதிரியை ஊடுருவிப் படம் தரும்) நுண்ணோக்கிக்கு மாதிரி எடுப்பவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த மூன்றிலிருந்துதான்.

செல்கள் சிதையாமல் நிலைப்படுத்தும் கரைசலை வயலுக்குப் போகும் அன்றே கலக்குங்கள். 100 மி.லி.க்கு 25 சதவீத குளூட்டரால்டிஹைடு 10 மி.லி., 0.2 மோலார் பாஸ்பேட் பஃபர் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) 50 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 40 மி.லி. பஃபரின் பி.எச். 7.2, மோனோசோடியம் பாஸ்பேட் 14, டைசோடியம் பாஸ்பேட் 36 மி.லி. என்று சேர்த்தால் கிடைக்கும். மஞ்சள் பாய்ந்த குளூட்டரால்டிஹைடு பாட்டிலைத் தொடாதீர்கள். ஐஸ் பெட்டியில் குப்பிகள் குளிர்ந்தால் போதும், உறையக் கூடாது. பனிப்படிகம் சவ்வுகளைக் கிழித்துவிடும்.

இலையைக் காலையிலேயே எடுங்கள். மதியத்துக்குள் பசுங்கணிகத்தில் மாவுச்சத்து மணிகள் பெருத்து, தைலகாய்டு எனும் ஒளிச்சேர்க்கைச் சவ்வு அடுக்குகளை ஓரம் தள்ளிவிடும். மார்கழியில் சம்பா இலை பனியில் நனைந்திருக்கும், வடிதாளால் ஒற்றுங்கள். சேறு பட்டிருந்தால் வேறு இலை பாருங்கள், போர் தண்ணீரில் கழுவ வேண்டாம். அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்துவிடும். நாகை, வேதாரண்யம் பக்கமென்றால் உப்பும் கூட.

வெட்டுவது கரைசல் துளிக்குள்தான். மெழுகுத் தகட்டின் மேல் துளியை விட்டு, புது பிளேடால் ஒரே அழுத்தில், 1 மி.மீ. அகலம், 2 மி.மீ. நீளத் துண்டுகளாக. அறுத்தறுத்து வெட்டினால் ஓரச் செல்கள் நசுங்கும். கையுறை அவசியம்.

துண்டுகள் மிதக்கும். மிதக்கும் துண்டுக்குள் கரைசல் போகவில்லை என்று பொருள். 10 மி.லி. சிரிஞ்சில் ஊசியில்லாமல் துண்டுகளையும் கரைசலையும் பாதியளவு விட்டு, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, முனையைக் கையுறை விரலால் அடைத்து, பிஸ்டனை இழுத்துச் சில நொடி பிடியுங்கள். துண்டிலிருந்து குமிழி கிளம்பும். மெல்ல விடுங்கள். எல்லாம் மூழ்கும்வரை திரும்பத் திரும்ப. கடைசிவரை மூழ்காததைத் தூக்கி எறிவதே மேல். பிறகு 4 டிகிரியில் ஓர் இரவு.

ஆய்வகத்தில் பஃபரால் மூன்று முறை, 15 நிமிடம் வீதம் கழுவல். இதில் அவசரப்பட்டால் மிச்ச குளூட்டரால்டிஹைடு அடுத்து ஊற்றும் ஆஸ்மியத்தோடு வினைபுரிந்து படமெங்கும் கரும்புள்ளி விழும். ஆஸ்மியம் டெட்ராக்சைடு 1 சதவீதம், 2 மணி நேரம், ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் புகைக்கூண்டுக்குள் மட்டும். அதன் ஆவி கண்ணின் கருவிழியைக் கெடுக்கும்.

அடுத்து நீரை வெளியேற்ற ஆல்கஹால் 30, 50, 70, 90 சதவீதம் என ஏற்றி, முழு ஆல்கஹாலில் மூன்று முறை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்து வைத்த ‘முழு ஆல்கஹால்’ காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். புதுப் பாட்டிலை உடையுங்கள், அல்லது ஈரம் உறிஞ்சும் மாலிக்யூலர் சீவ் மணிகள் போட்டு வையுங்கள். நீர் மிஞ்சினால், துண்டைப் பதிக்கும் ரெசின் (பிசின்) சரியாக இறுகாது, வெட்டில் ஓட்டை விழும்.

நெல்லுக்குப் பாகுத்தன்மை குறைந்த ஸ்பர் வகை ரெசினே ஏற்றது. 25, 50, 75 சதவீதம், பின் முழு ரெசின், ஒவ்வொன்றிலும் பல மணி நேரம் சுழற்சியில். 70 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க இறுகட்டும்.

இறுகிய ரெசினை மெல்லிய வெட்டுகளாகச் சீவும்போதுதான் சிலிக்காவின் வேலை தெரியும்: வைரக்கத்தியின் கூர்முனையைப் பல்லாக்கி, படத்தில் கோடு கோடாகக் கிழிசல். அதனால் முதலில் கண்ணாடிக் கத்தியால் 1 மைக்ரான் தடிப்பில் வெட்டி, டொலுயிடின் நீலச் சாயம் ஏற்றிச் சாதாரண நுண்ணோக்கியில் பாருங்கள். பசுங்கணிகம் மட்டும் வேண்டுமானால் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதியை விட்டு மற்றதைச் செதுக்கிவிடலாம். நெல்லின் துங்ரோ நோய்க்கான வைரஸைத் தேடுபவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதன் இரு வைரஸ்களும் இருப்பது நரம்பின் சாற்றுக்குழாய்க் கற்றையில். உருண்டை வகை சுமார் 30 நானோமீட்டர், மற்றது குச்சி வடிவம். அங்கே புறத்தோலைச் செதுக்கி, கற்றையை மட்டும் விடுங்கள்.

கத்தியோரத் தொட்டி நீரில் மிதக்கும் வெட்டு வெள்ளி நிறத்தில் மின்னினால் 60 முதல் 90 நானோமீட்டர், அதுவே வேண்டும். தங்க நிறம் தடிப்பு. படத்தில் கருமை வேறுபாடு தெரிய, யுரேனைல் அசிடேட் 2 சதவீதம் 15 நிமிடம் இருட்டில், லெட் சிட்ரேட் 5 நிமிடம். லெட் சிட்ரேட் துளியைச் சுற்றிச் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் வைத்து மூடுங்கள், அதன் மேல் மூச்சு விடாதீர்கள்: கரியமில வாயு பட்டால் லெட் கார்பனேட் படிந்து, வைரஸ் துகளா அழுக்கா என்று பிரிக்க முடியாமல் போகும்.