1942இல் ஜப்பான் இலங்கையில் இறங்கியிருந்தால்? வாதாடும் முறை

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில் இந்த வாதம் பல ஞாயிற்றுக்கிழமைகள் நடந்திருக்கிறது, அநேகமாக ஒரே இடத்தில்தான் முறியும். ஒருவர் திருகோணமலையின் சீனக்குடா விமானத் தளத்தைப் பிடித்தால் போதும் என்பார், மற்றவர் சனம் எழும்பியிருக்கும் என்பார், அதோடு இருவரும் வேறு வேறு போரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். தளத்தையும் கிளர்ச்சியையும் ஒரே வரைபடத்தில் வையுங்கள்.

முதலில் மாற்றம் ஒன்றே ஒன்றுதான் என்று முடிவு செய்யுங்கள். ஏப்ரல் 5 கொழும்பில் குண்டுவீச்சு, ஏப்ரல் 9 திருகோணமலையில், அப்புறம் ஜப்பானியத் தளபதி நகுமோவின் கப்பல்கள் திரும்பிவிட்டன. தரையிறங்கும் படை அவற்றோடு வரவே இல்லை. ஆகவே "இறங்கினார்கள்" என்பவர், அந்தப் படையைப் பர்மாவிலிருந்து எடுத்தார்களா சீனாவிலிருந்து எடுத்தார்களா, அங்கே அதனால் என்ன குறைந்தது என்று சொல்லியாக வேண்டும்.

அடுத்தது தளம். நூலும் பென்சிலும் எடுத்து அளந்து பாருங்கள். கொழும்புக்குத் தெற்கே இருக்கும் இரத்மலானை விமானத் தளத்திலிருந்து சீனக்குடாவுக்கு நேர்கோட்டில் சுமார் 240 கிலோமீட்டர், பிரித்தானியரின் ஹரிகேன் போர் விமானத்துக்கு அரை மணிநேரத்துக்கு மேல், அதாவது ஒன்றை அடிக்கும்போது மற்றது உதவிக்கு வந்து சேராது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கொழும்பு கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடல்: அங்கே ஓடுபாதை இருப்பது ஜப்பானியருக்குத் தெரியாததால் அங்கிருந்த ஹரிகேன்கள் தப்பி மேலெழுந்தன, இரத்மலானையிலோ எதிரி தலைக்கு மேல் வந்த பிறகுதான் விமானிகள் ஓடினார்கள். இன்றும் அந்தப் பார்வையாளர் மேடைக்கு முன்னால் நின்று பாருங்கள், எவ்வளவு சின்ன இடம்! தெற்குக் கரையில் இருக்கும் கொக்கலை வேறு கதை, அங்கே ஏரிதான் ஓடுபாதை; ஏப்ரல் 4 அன்று ஜப்பானியக் கடற்படையைக் கண்டு சொன்ன கனடிய விமானி பேர்ச்சலின் கட்டலினா என்ற பறக்கும் படகு அங்கிருந்துதான் போனது.

கிளர்ச்சிதான் கவனமாகக் கையாள வேண்டியது. ஏப்ரல் 7 அன்று கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இடதுசாரிச் சமசமாஜக் கட்சித் தலைவர்கள் தப்பினார்கள். ஆனால் பிரித்தானியாவை எதிர்த்தவர் எல்லாம் ஜப்பான் பக்கம் என்று கணக்குப் போட்டால் பிழை, அவர்கள் இந்தியாவுக்குப் போய் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் இறங்கினார்கள். மே மாதம் இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் கலகம் செய்தது இன்னொரு வகை, ஒரே இரவில் அடங்கியது, கிரேஷன் பெர்னாண்டோ உட்பட மூவர் தூக்கிலிடப்பட்டார்கள். தோட்டங்கள் மூன்றாவது வகை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட கோபம் லயன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தது, அது கூலிக்கும் சங்கத்துக்குமான கோபம். எந்தக் கிளர்ச்சி, எந்த ஊர், யார் தலைமை என்று கேட்காமல் விடாதீர்கள்.

தளத்தையும் கிளர்ச்சியையும் இணைக்கும் கயிறு அரிசி. மார்ச்சில் இரங்கூன் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது. ஜப்பானிடம் அந்த அரிசி இருக்கிறது, கொண்டுவரக் கப்பல் இருக்கிறதா? ஓடுபாதையின் குண்டுக் குழியை நிரப்பப் போகும் ஆளுக்கு யார் சோறு போடுவது? மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கி மேற்குக் கரை கொந்தளிக்கும்போது அந்த அரிசி எந்தத் துறைமுகத்தில் இறங்கும்?

வாதம் தொடங்கும் முன், எது நிரூபணமானால் தோல்வியை ஒப்புக்கொள்வீர்கள் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி எதிராளியிடம் கொடுங்கள். சென்ற முறை நான் "திருகோணமலைக்கு மாதம் ஓர் எண்ணெய்க் கப்பலாவது வர முடியாவிட்டால்" என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று மணிநேரமும் அந்த ஒரு கப்பலைப் பற்றியே கதைத்தோம்.