ஸ்டெத்தைத் திருப்பி மாட்டியவளின் சில எச்சரிக்கைகள்

வார்டு போஸ்டிங்கின் முதல் நாள். பிபி பார்க்க ஒரு தாத்தாவின் கையில் கஃப் என்கிற காற்றுப் பட்டையைக் கட்டி, மூன்று முறை காற்றை ஏற்றி இறக்கியும் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான்காவது முறை பம்பை எடுத்ததும் அவரே சொன்னார்: "பாப்பா, நான் உயிரோடத்தான் இருக்கேன்." வார்டே சிரித்தது. ஸ்டெத்தைக் காதில் திருப்பி மாட்டியிருந்தேன்.

நர்சிங் படிக்கும் பாதிப்பேருக்கு இது நடந்திருக்கும். காதில் வைக்கும் முனைகள் மூக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். காதுத் துளை அந்த வாட்டத்தில்தான் போகிறது. நோயாளிமேல் வைக்கும் வட்டத்துக்கு இரண்டு பக்கம் உள்ள ஸ்டெத் என்றால், எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் மெல்லத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பி மாட்டுவதில் போவது மானம் மட்டும்தான். சத்தம் கேட்காமலே, எல்லோரும் இயல்பு என்று சொல்லும் 120/80 என்று எழுதிவிடுகிறோமே, அதுதான் தவறு. ஒரு வார்டு முழுக்க 120/80 இருந்தால் மேமுக்குப் புரியாதா என்ன? "கேட்கலை மேம், ஒரு தடவை நீங்க பாருங்க" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. எனக்கு அது வாயில் வர இரண்டு மாதம் ஆனது.

கேட்டாலும் அளவு பொய் சொல்லும் இடங்கள் உண்டு. கைக்குச் சிறியதாக இருக்கும் கஃப், பிபியைக் கூட்டிக் காட்டும். இதய மட்டத்துக்குக் கீழே கை தொங்கினாலும் அப்படித்தான். நாம் மரியாதைக்குப் பேச்சுக் கொடுத்து, அவரும் ஆர்வமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் இன்னும் ஏறும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, சட்டைக் கைக்கு மேல் கட்டாமல் பாருங்கள், பேச்சையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

பல்ஸைக் கட்டைவிரலால் பார்க்காதீர்கள். கட்டைவிரலிலேயே துடிப்பு உண்டு. பதற்றத்தில் நம் பல்ஸ் 110-ல் ஓடும், அதை எண்ணிப் பாவம் அவர் சார்ட்டில் எழுதிவிடுவோம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும்.

"இப்ப உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்று அறிவிப்பது இன்னொன்று. சொன்ன நொடியே மனிதர் யோகா வகுப்பில் உட்கார்ந்ததுபோல் இழுத்து இழுத்து விட ஆரம்பிப்பார். பல்ஸ் பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், கண்ணை மட்டும் மார்புப் பக்கம் திருப்பி ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. உண்மையை மறைக்கச் சொல்லித்தருவது இந்த ஒரு பாடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

சானிடைசர் காய்வதற்குள் கையுறைக்குள் கையை நுழைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். பாதி விரலில் ஒட்டிக்கொண்டு அது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. 20 முதல் 30 நொடி தேய்த்தால் தானே காய்ந்துவிடும். யூனிஃபார்மில் துடைக்காதீர்கள், சுத்தம் செய்ததே வீண். அதே கையுறையின்மேல் பல்ஸையும் டெம்பரேச்சரையும் பேனாவால் குறித்துவிட்டு, கழற்றிக் குப்பையில் போட்டபின் திருதிருவென விழிப்பது தனிக்கலை. பாக்கெட்டில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். இரண்டு பேனாவும் வையுங்கள், ஒன்று எப்படியும் யாரிடமாவது போய்விடும்.

பாடம் படிக்கிற வாரமெல்லாம் அந்த நோய் நமக்கு வருவது எல்லோருக்கும் உள்ளதுதான். தைராய்டு வாரத்தில் கழுத்தைத் தடவிக்கொண்டே திரிந்தோம். அடுத்த வாரம் பாடம் மாறியதும் குணமாகிவிட்டது.

ஆனால் பெயர் கேட்பதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். "நீங்கதானே இன்னார்?" என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேரைச் சொல்லுங்க" என்று அவர் வாயால் வரவழைத்து, மணிக்கட்டுப் பட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டில் எண்ணை மட்டும் நம்பி ஒருநாள் கஃப்பைக் கட்டி முடித்தபிறகுதான் பெயரைக் கேட்டேன்.

"நான் துணைக்கு வந்தவன் சிஸ்டர். அவர் பாத்ரூம் போயிருக்கார்."

அவசரமாக அவிழ்க்கப் போனேன். அவர் கையை நகர்த்தவே இல்லை.

"கட்டினதுதான் கட்டிட்டீங்க, எனக்கும் ஒரு தடவை பார்த்துடுங்களேன்."