சுவர்க்கோழியின் முட்டைக்குழலில் ஆக்டோபமின்: அசைவை எண்ணிப் பார்க்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் படிவம் 6 பயிலும் மாணவர்கள் பூச்சி உடலியலைக் கண்ணால் காண விரும்பினால், பெண் சுவர்க்கோழியின் பக்க முட்டைக்குழலையே (சூலகத்திலிருந்து முட்டை வெளிவரும் குழல்) முதலில் பரிந்துரைப்பேன். நரம்பிலிருந்து பிரித்தெடுத்த பின்னும் அக்குழல் தானாகவே சுருங்கி விரிவதால், ஆக்டோபமின் என்ற நரம்புக்கடத்தி (நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல விடும் வேதிப்பொருள்) அந்த அசைவைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று எண்ணியே அறியலாம்.

பூச்சியைச் செம்பனைத் தோட்டத்திலோ மாட்டுக் கொட்டகையிலோ பிடிக்க வேண்டாம். மாட்டுண்ணிக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் என்ற மருந்து, ஆக்டோபமினின் செய்தியை வாங்கும் ஏற்பிகளின் மீதே செயல்படுவது. அதன் சுவடு பட்ட பூச்சி நம் கணக்கைக் கெடுத்துவிடும். பறவைத் தீனிக்காகச் செங்கெரிக் என்று கடையில் விற்கும் சுவர்க்கோழியே போதும். வாலருகே ஊசிபோல் நீண்ட முட்டையிடும் உறுப்பு உள்ளதே பெண்.

பூச்சியைப் பனிக்கட்டியில் வைத்து, அசைவு முற்றிலும் ஓய்ந்த பின் ஆசிரியர் முன்னிலையில் வயிற்றைத் திறந்து, குழலை இழுபடாமல் எடுத்துப் பூச்சிக்குரிய உப்புக்கரைசலில் இடுங்கள். தசை இழுபட்டாலே துடிப்பு மாறும் என்பதால் இந்த இடத்தில் அவசரம் கூடாது. துடிப்பு சீரடைந்ததும் நுண்ணோக்கியின் கீழ் நிமிடத்திற்கு எத்தனை முறை சுருங்குகிறது என்று பலமுறை எண்ணி எழுதுங்கள். பிறகு வெறும் உப்புக்கரைசலையே சில துளிகள் விட்டு எண்ணுங்கள். துளி விழுவதே துடிப்பை மாற்றுகிறதா என்பது அப்போதுதான் தெரியும். அதன்பின், அன்று கரைத்த ஆக்டோபமினை மிக நீர்த்த கரைசலில் தொடங்கி, பத்து மடங்காகக் கூட்டிக்கொண்டே செல்லுங்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையில் குழலைக் கழுவிப் பழைய துடிப்பு திரும்பும்வரை காத்திருங்கள். தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெப்பம் ஏறினால் துடிப்பும் மாறுமாதலால், அறை வெப்பநிலையையும் உடன் குறியுங்கள்.

விடையை முன்கூட்டியே எழுதி வைக்காதீர்கள். இடம்பெயர் வெட்டுக்கிளியின் முட்டைக்குழலை ஆக்டோபமின் தளர்த்துகிறது. சுவர்க்கோழியின் பக்கக் குழலிலோ அதே பொருள் துடிப்பின் வேகத்தையும் வலிமையையும் கூட்டுகிறது. பழ ஈயில் அது குழலைத் தளர்த்துகிறது, அதே வேளையில் சூலகத்தைச் சுருங்கச் செய்கிறது. ஆக்டோபமினை உருவாக்க இயலாத பெண் ஈக்கள் முதிர்ந்த முட்டைகளை வெளியிட முடியாமல் உள்ளேயே தேக்கி வைக்கின்றன. ஆகவே வெட்டுக்கிளியைப் பற்றிப் படித்ததை நினைத்து, ஏறிய எண்ணிக்கையைப் பிழையென்று அழித்துவிட வேண்டாம்.

1975 இல் அமெரிக்கக் கரப்பானிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட, 5 அமினோ அமிலங்கள் கோத்த புரோக்டோலின் என்ற மற்றொரு நரம்புப் பொருள் கிடைத்தால், அதை ஆக்டோபமின் பட்ட குழலில் விடாமல் வேறொரு பூச்சியின் புதிய குழலில் சோதித்து, தனி ஏட்டில் பதியுங்கள்.