குற்றத்தடுப்புத் தன்னார்வலர்கள் குறித்த அரசுத் தரவு: கேட்பவரும் வெளியிடுபவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியிருப்புப் பகுதிகளில் இரவு ரோந்து செல்வது, சந்தேகத்துக்குரிய நடமாட்டத்தைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது போன்ற பணிகளைச் செய்யும் தன்னார்வக் குழுக்கள் உலகின் பல நாடுகளில் இயங்குகின்றன. அமெரிக்காவில் தேசிய ஷெரீஃப்கள் சங்கம் 1972-இல் இதற்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பிரிட்டனில் 1982-இல் செஷயர் மாவட்டத்தின் மோலிங்டன் கிராமத்தில் முதல் குழு உருவானது. தென்கொரியாவில் இக்குழுக்களுக்கான தனிச் சட்டமே 2023 ஏப்ரல் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. இக்குழுக்கள் காவல்துறையின் ஒத்துழைப்போடு செயல்படுவதாலும், பல இடங்களில் பொதுப் பணத்தில் உபகரணமும் பயிற்சியும் பெறுவதாலும், அவற்றைப் பற்றி அறியும் உரிமை மக்களுக்கு உண்டு. அதே வேளையில், அந்த உறுப்பினர்கள் எந்தத் தெருவைக் கண்காணிக்கிறார்களோ அதே தெருவில் குடும்பத்தோடு வசிப்பவர்கள். இவ்விரண்டில் ஒன்றை மறந்துவிடும்போதுதான் கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை நேர்கின்றன.

பெயர்ப் பட்டியலைக் கேட்பது

தகவல் கோரி மனு எழுதுபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது உறுப்பினர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைத்தான். தனிநபர் விவரங்களுக்கு விலக்கு அளிக்கும் பிரிவு ஏறத்தாழ எல்லா நாடுகளின் தகவல் உரிமைச் சட்டங்களிலும் இருப்பதால், அந்த ஒரு கேள்வியைக் காரணம் காட்டி மனு முழுவதையும் நிராகரிக்க அலுவலகத்துக்கு வழி கிடைத்துவிடுகிறது. அதைவிட முக்கியமாக, பெயர்ப் பட்டியல் கிடைத்தாலும் அதிலிருந்து பொதுமக்களுக்குத் தெரியவருவது மிகக் குறைவு.

உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. எந்த விதியின் அல்லது ஆணையின் கீழ் குழு அங்கீகரிக்கப்பட்டது, அங்கீகரித்த அதிகாரியின் பதவி என்ன, ஒருவரைத் தடுத்து நிறுத்தவோ சோதனையிடவோ உறுப்பினர்களுக்கு அதிகாரம் உண்டா, சேர்க்கும் முன் பின்னணிச் சரிபார்ப்பு எவ்வாறு நடக்கிறது, எத்தனை மணி நேரப் பயிற்சி தரப்படுகிறது, ஆண்டுக்கு எவ்வளவு நிதி எந்தத் தலைப்பில் செலவாகிறது, உறுப்பினர்கள் மீது எத்தனை புகார்கள் வந்தன, அவற்றில் எத்தனைக்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது ஆகிய கேள்விகளுக்கான விடைகள்தாம் குழுவைப் பொறுப்புக்கு உட்படுத்தும். இவற்றில் எதற்கும் ஒரு தனிநபரின் பெயர் தேவையில்லை. அதிகாரம் குறித்த கேள்வியை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது என்பதே என் கருத்து. சீருடை போன்ற மேலங்கி அணிந்து நிற்பவர் கேட்டால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டுமா, வேண்டாமா என்பது தெருவில் நடந்து செல்லும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

கேள்வியின் வடிவமும் முக்கியம். “இந்தக் குழு ஏன் சரியாகச் செயல்படவில்லை?” என்று கேட்டால் அது கருத்துக் கேட்பதாகக் கருதப்பட்டுத் திரும்பிவிடும், ஏனெனில் அலுவலகம் தர வேண்டியது தன்னிடமுள்ள ஆவணங்களை மட்டுமே. ஆண்டு ஆய்வறிக்கை, கூட்டக் குறிப்பு, செலவுக் கணக்கு என ஆவணத்தின் வகையையும், காலத்தையும், பகுதியையும் குறிப்பிட்டுக் கேட்பதே பலன் தரும்.

கோப்பை முழுமையாகத் திறந்து பார்க்காமல் வெளியிடுவது

வெளியிடும் தரப்பில் நேரும் தவறுகளிலேயே மிகக் கொடிய விளைவைத் தரக்கூடியது இது. 2023 ஆகஸ்ட் 8 அன்று வட அயர்லாந்துக் காவல்துறை, ஒவ்வொரு பதவி நிலையிலும் எத்தனை பேர் பணியாற்றுகிறார்கள் என்ற சாதாரணமான கேள்விக்கு ஓர் எக்செல் கோப்பைப் பதிலாக அனுப்பியது. கண்ணுக்குத் தெரிந்த தாள்களை நீக்கியவர்கள், மறைக்கப்பட்ட நிலையில் இருந்த மற்றொரு தாளைக் கவனிக்கவில்லை. மொத்த எண்ணிக்கை எந்த மூலப் பட்டியலிலிருந்து கணக்கிடப்பட்டதோ அந்தப் பட்டியலே அதில் இருந்தது. 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் குடும்பப்பெயர், முன்னெழுத்து, பதவி, பணியிடம் ஆகியவை பொது இணையதளம் ஒன்றில் சில மணி நேரம் யாரும் பார்க்கக்கூடியவையாகக் கிடந்தன. காவலர்களே தாக்குதல் அச்சத்தில் வாழும் ஒரு பகுதியில் இது நடந்தது என்பதை நினைத்தால் அதன் கனம் புரியும். அடுத்த ஆண்டு பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்தக் காவல்துறைக்கு 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது.

காவலர்களுக்கு நேர்ந்தது தன்னார்வலர்களுக்கும் நேரலாம். தன்னார்வலர்களுக்கோ ஆயுதமோ துறையின் பாதுகாப்போ கிடையாது. ஆகவே, உள்ளே பயன்படுத்தும் எக்செல் கோப்பில் வேண்டாதவற்றை அழித்து அனுப்பும் பழக்கத்தை அடியோடு கைவிட வேண்டும். வெளியிடத் தகுந்த எண்களை மட்டும் ஒரு புதிய கோப்பில் இட்டு, முடிந்தால் மறைந்த தாள்களுக்கு இடமில்லாத, வெறும் எழுத்தும் எண்ணும் கொண்ட சிஎஸ்வி வடிவில் சேமித்து, அதைத் தயாரித்தவர் அல்லாத இன்னொருவர் திறந்து பார்த்த பின்பே அனுப்ப வேண்டும். பிடிஎஃப் கோப்பில் பெயர்களின் மீது கறுப்புப் பட்டை வரைவதும் போதாது, அந்தப் பட்டைக்கு அடியிலுள்ள எழுத்து பல நேரங்களில் நகலெடுத்து ஒட்டினால் அப்படியே வந்துவிடும்.

பெயரை நீக்கினால் போதும் என்று எண்ணுவது

அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றே விவரங்களைக் கொண்டு அமெரிக்க மக்கள்தொகையில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணக்கூடும் என்று அமெரிக்கக் கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மதிப்பிட்டார். ஒரு தெருவுக்கான தன்னார்வக் குழு அதைவிட எத்தனையோ மடங்கு சிறியது. “பெண், 60 வயதுக்கு மேல், ஓய்வுபெற்ற ஆசிரியர்” என்ற வரியைப் படிக்கும் அக்கம்பக்கத்தவருக்குப் பெயர் தேவைப்படாது.

சிறிய எண்களை மறைத்தாலும் கழித்தல் கணக்கு அவற்றைக் காட்டிக்கொடுக்கும். ஒரு குழுவில் மொத்தம் 23 பேர், அதில் ஆண்கள் 19 என்று அச்சிட்டுவிட்டு, பெண்கள் என்ற கட்டத்தில் “5-க்கும் குறைவு” என்று எழுதினால், விடை 4 என்பது யாருக்கும் தெரியும். ஒரு கட்டத்தை மறைத்தால் அதோடு தொடர்புடைய இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும், அல்லது அருகிலுள்ள குழுக்களைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தர வேண்டும்.

இட விவரத்தில் இன்னும் கவனம் தேவை. குழு அலுவலகம் என்று பதிவாகியிருக்கும் முகவரி பல இடங்களில் குழுத் தலைவரின் வீடு, தொடர்பு எண் என்பது அவருடைய சொந்தக் கைபேசி. இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கான குற்ற வரைபடத் தரவில் சம்பவம் நடந்த துல்லியமான இடத்தை வெளியிடுவதில்லை. அருகிலுள்ள ஒரு பொதுப் புள்ளிக்கு அதை நகர்த்திவிடுகிறார்கள். அப்புள்ளியின் எல்லைக்குள் குறைந்தது எட்டு அஞ்சல் முகவரிகள் இருக்க வேண்டும், அல்லது ஒன்றுமே இருக்கக் கூடாது என்பது விதி. தன்னார்வக் குழுக்களின் வரைபடத்துக்கும் இம்முறை நன்கு பொருந்தும். இனி வரவிருக்கும் ரோந்து நேரங்களை எந்த வடிவிலும் வெளியிடக் கூடாது. கடந்த காலாண்டில் மொத்தம் எத்தனை மணி நேரம் ரோந்து நடந்தது என்பதே மக்களுக்குப் போதுமான தகவல்.

வரையறையைப் படிக்காமல் எண்களை ஒப்பிடுவது

ஜப்பானின் தேசியக் காவல் முகமை குற்றத்தடுப்புத் தன்னார்வக் குழுக்களைக் கணக்கெடுக்கும்போது, குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் கொண்டதும், சராசரியாக மாதம் ஒரு முறையாவது செயல்படுவதுமான குழுக்களையே சேர்க்கிறது, கூடிப் பேசுவது மட்டும் செயல்பாடாகாது. பெயரளவில் பதிவாகியிருக்கும் எல்லாக் குழுக்களையும் எண்ணும் ஒரு நாட்டின் கணக்கை இதனருகில் வைத்து, எங்கு ஈடுபாடு அதிகம் என்று முடிவுகட்டுவது பிழை. இங்கிலாந்திலும் சிறப்புக் கான்ஸ்டபிள்கள் ஊதியமில்லாத் தன்னார்வலர்களே, ஆனால் அவர்களுக்கு முழுநேரக் காவலருக்குரிய கைது அதிகாரம் உண்டு. அக்கம்பக்கக் கண்காணிப்புக் குழுவினருக்கு அது இல்லை. இவ்விரு வகையினரையும் “தன்னார்வலர்” என்ற ஒரே பத்தியில் கூட்டிக் காட்டும் அட்டவணையால் யாருக்கும் பயனில்லை.

இதே கவனக்குறைவின் நீட்சிதான், தன்னார்வலர் எண்ணிக்கை கூடிய ஆண்டில் குற்றம் குறைந்ததென்றால் அவர்களால்தான் குறைந்தது என்று எழுதிவிடுவது. விழிப்பான குழு உள்ள பகுதியில் முன்பு சொல்லாமல் விடப்பட்ட திருட்டுகளும் பதிவாவதால், பதிவான குற்றம் கூடக்கூடும். 2008-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இத்தகைய திட்டங்கள் உள்ள இடங்களில் குற்றம் 16 முதல் 26 விழுக்காடு வரை குறைந்ததாகக் கண்டது. ஆனால் அது திட்டமில்லாத பகுதிகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்ட முடிவு, அதிலும் எல்லா மதிப்பீடுகளும் ஒன்றுபோல் இல்லை. உறுப்பினர் எண்ணிக்கை அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு அப்படியொரு முடிவுக்கு வர இயலாது.

பழைய பட்டியலை அப்படியே விட்டுவிடுவது

கலைக்கப்பட்ட குழு பட்டியலில் நீடித்தால், அதன் பெயரில் யாரேனும் அடையாள அட்டையைக் காட்டி ஒரு வீட்டுக் கதவைத் தட்டும்போது, சரிபார்க்க முயலும் குடியிருப்பாளரை அரசின் பட்டியலே தவறாக வழிநடத்தும். கடைசியாகப் புதுப்பித்த தேதியும், ஒவ்வொரு குழுவின் நடப்பு நிலையும், பிழை இருந்தால் தெரிவிக்க வேண்டிய அலுவலகத்தின் பொதுத் தொடர்பு எண்ணும் பட்டியலிலேயே இருக்க வேண்டும்.

தனிநபர் விவரம் தவறுதலாக வெளியாகியிருப்பதைக் காணும் வாசகர் அதன் படத்தை எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் “பாருங்கள் இந்த அலட்சியத்தை” என்று பகிரக் கூடாது. கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொண்டு, வெளியிட்ட அலுவலகத்துக்கும், தரவுப் பாதுகாப்புக்கான ஆணையம் இருந்தால் அதற்கும் உடனே எழுத்து வடிவில் தெரிவித்துவிட்டு, தம்மிடம் இறங்கியுள்ள நகலை அழித்துவிட வேண்டும்.