பழைய போனில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ்: கை வைக்கக் கூடாத இடங்கள்

குமரி மாவட்டத்தில் ஒரு போன் ஒருவர் கையோடு நிற்பதில்லை. வளைகுடாவில் இருக்கும் மகன் புதுசு வாங்கியதும் பழையது அம்மைக்கு வரும். அம்மையிடமிருந்து பள்ளிக்கூடம் போகும் பேத்திக்குப் போகும். மூன்றாவது கைக்கு வரும்போது கேமராவைத் தட்டினால் யோசித்துவிட்டுத்தான் திறக்கும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒரு வீடியோவைப் பகிர்வார்கள்: பில்டு நம்பரை ஏழு தடவை தட்டு, ரகசிய மெனு வரும், போன் பறக்கும்.

மெனு வரும். போன் பறக்காது. தப்பான பொத்தானைத் தட்டினால் முன்பைவிட மெதுவாகும்.

முதலில் அந்த மெனு எதற்கு என்று பார்த்துவிடுவோம். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்பது ஆப் எழுதுகிறவர்களுக்கான சோதனைச் சாமான். 2012இல் வந்த ஆண்ட்ராய்டு 4.2 முதல் அதைச் செட்டிங்ஸில் மறைத்து வைத்திருக்கிறார்கள். மெமரி இல்லாத போனில் என் ஆப் என்ன ஆகும், இருப்பிடம் மாறினால் என்ன ஆகும் என்று பார்ப்பது ஆப் எழுதுகிறவரின் வேலை. அதனால் அங்கே இருக்கும் ஆப்ஷன்களில் பல, போனை வேண்டுமென்றே கஷ்டப்படுத்துவதற்காகவே வைக்கப்பட்டவை. இது தெரியாமல் 'வேகம் கூட்டும் ரகசியம்' என்று நினைத்து எல்லாவற்றையும் ஆன் செய்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் எல்லாம் இதன் பிள்ளைகள்.

திறக்கும் வழி தெரிந்ததுதான். செட்டிங்ஸில் அபௌட் போன் போய் பில்டு நம்பரை ஏழு முறை தட்ட வேண்டும். சாம்சங்கில் அது சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷனுக்குள் இருக்கும். மியூஐ என்ற சாஃப்ட்வேர் ஓடும் ரெட்மியில் மியூஐ வெர்ஷனைத் தட்ட வேண்டும். கொஞ்சம் புதிய பதிப்புகளில் போன் பூட்டைத் திறக்கும் பின் (PIN) நம்பர் கேட்கும். திறந்ததாலேயே எந்தக் கெடுதலும் இல்லை, வாரண்டியும் போகாது.

மெமரி என்று பயமுறுத்தும் இரண்டு

அதிகம் பேர் மாட்டுவது 'பேக்ரவுண்ட் பிராசஸ் லிமிட்' என்பதில். பின்னால் ஓடும் ஆப்களைக் குறைத்தால் வேகம் வரும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 'நோ பேக்ரவுண்ட் பிராசசஸ்' என்று வைத்துவிடுகிறார்கள். ஆனால் நீங்கள் விட்டு வந்த ஆப் மெமரியில் சும்மா உட்கார்ந்திருப்பதால் பேட்டரிக்குப் பெரிய செலவில்லை. இடம் போதாமல் போனால் ஆண்ட்ராய்டே பழையதைத் தூக்கிவிடும். நீங்கள் லிமிட் போட்டால் வாட்ஸ்அப்பிலிருந்து கேமராவுக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப் முதலிலிருந்து ஏற வேண்டும். சாயாக்கடைக்காரர் ஒரு கிளாஸ் ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிட்டு, அடுத்த ஆள் வந்ததும் மறுபடி மூட்டுவது மாதிரி. பழைய போனில் தீப்பெட்டியும் நமத்திருக்கும், அவ்வளவுதான். நல்லவேளை, போனை ரீஸ்டார்ட் செய்தால் இந்த லிமிட் தானாகப் பழையபடி ஆகிவிடும்.

இதைவிட மோசம் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்'. நீங்கள் ஒரு திரையை விட்டு நகர்ந்த நிமிடமே அதை அழித்துவிடும். என்ன நடக்கும் தெரியுமா? ரயில் டிக்கெட் எடுக்க பெயர், வயசு எல்லாம் போட்டாகிவிட்டது. ஓடிபி பார்க்க மெசேஜுக்குப் போகிறீர்கள். ஆறு எண்ணையும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு திரும்பினால், ஆப்பைப் பொறுத்து, போட்டதெல்லாம் காலி. மறுபடி முதலிலிருந்து. சிலர் இதை நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து சிம் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். ரீஸ்டார்ட் செய்தாலும் போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். போய்த் தேடி அணைக்கத்தான் வேண்டும்.

உண்மையில் பயன்படுவது

அனிமேஷன் மூன்றும். விண்டோ அனிமேஷன் ஸ்கேல், டிரான்சிஷன் அனிமேஷன் ஸ்கேல், அனிமேட்டர் டியூரேஷன் ஸ்கேல். மூன்றும் வழக்கமாக 1எக்ஸ் என்று இருக்கும். 0.5எக்ஸ் ஆக்கினால் திரை விரிவதும் மூடுவதும் பாதி நேரத்தில் முடியும். பிராசசர் அதேதான், ஆனால் கைக்கு வேகம் தெரியும். பழைய போனுக்கு இந்த மெனுவில் இதைவிட உருப்படியான காரியம் வேறில்லை என்பேன்.

இதிலும் ஆசை கூடாது. முழுக்க ஆஃப் செய்துவிட்டால் சில ஆப்களில் சுற்றிக்கொண்டிருக்க வேண்டிய வட்டம் அசையாமல் நிற்கும். பணம் அனுப்பும்போது வட்டம் நின்றுவிட்டால் மனுஷன் என்ன நினைப்பான்? ஹேங் ஆகிவிட்டது என்று பின்னால் போய் மறுபடி அனுப்புவான். பாதியில் வைத்தால் இந்த வம்பில்லை.

இரண்டாவது, 'மொபைல் டேட்டா ஆல்வேஸ் ஆக்டிவ்'. பல போன்களில் இது முன்கூட்டியே ஆனில் இருக்கும். வைஃபையில் இருக்கும்போதும் மொபைல் டேட்டாவை விடாமல் பிடித்து வைத்திருக்கும், வைஃபை போனால் உடனே மாறிக்கொள்வதற்காக. பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் மலையடிவாரத்து ரப்பர் தோட்ட வீடுகளில் சிக்னல் ஒரு கட்டையும் இரண்டு கட்டையுமாக ஆடும். டவரைப் பிடித்து வைக்கவே பழைய பேட்டரி வற்றும். வீட்டில் வைஃபை இருந்தால் இதை அணைப்பதில் அர்த்தமுண்டு. ஆனால் வாட்ஸ்அப் காலில் பேசிக்கொண்டே முற்றத்தைத் தாண்டினால் பேச்சு கொஞ்சம் அறும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் வைஃபையே இல்லாதவருக்கு இதைத் தொட்டு ஒரு லாபமும் இல்லை.

இந்த இரண்டைத் தவிர, சாதாரண ஆளுக்கு அங்கே வேலையில்லை. 'ஃபோர்ஸ் ஜிபியூ ரெண்டரிங்' பற்றி நிறையப் பேர் புகழ்வார்கள். அது பழங்கால ஆப்களுக்கானது. ஆண்ட்ராய்டு 4.0க்குப் பிறகு வந்த ஆப்கள் தாமாகவே கிராஃபிக்ஸ் சிப்பைப் பயன்படுத்துகின்றன. 'ஃபோர்ஸ் 4எக்ஸ் எம்எஸ்ஏஏ' சில விளையாட்டுகளின் ஓரங்களை வழவழப்பாக்கும், பதிலுக்குப் போன் கொதிக்கும். 'டிசேபிள் ஹார்ட்வேர் ஓவர்லேஸ்' வேண்டவே வேண்டாம்.

யூஎஸ்பி டீபக்கிங்

இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று ஆபத்தாகிறது. ஆதார் நகல் எடுக்க, ஃபோட்டோ பிரின்ட் போட, ஹால் டிக்கெட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் கேபிளைச் சொருகுகிறார். ஃபைல் வரவில்லை என்றதும், போனில் கொஞ்சம் விவரமுள்ள தம்பி யாராவது "யூஎஸ்பி டீபக்கிங் ஆன் பண்ணுங்கண்ணே" என்பார்.

ஃபைல் எடுக்க டீபக்கிங் தேவையே இல்லை. கேபிள் சொருகியதும் மேலே வரும் அறிவிப்பைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றினால் போதும். அப்படியும் வரவில்லை என்றால் அது சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருக்கலாம், கேபிளை மாற்றச் சொல்லுங்கள்.

டீபக்கிங் என்பது கம்ப்யூட்டரிலிருந்து போனுக்கு நேராகக் கட்டளை கொடுக்கும் வழி. ஆப் ஏற்றலாம், நீக்கலாம், திரையைப் படமெடுக்கலாம். 2013இல் வந்த 4.2.2 பதிப்பு முதல் ஒரு காவல் இருக்கிறது: புது கம்ப்யூட்டர் என்றால் 'அனுமதிக்கவா?' என்று திரையில் கேட்கும். அதற்குக் கீழே 'ஆல்வேஸ் அலௌ ஃப்ரம் திஸ் கம்ப்யூட்டர்' என்று ஒரு கட்டம். அவசரத்தில் அதையும் டிக் அடித்துவிட்டால் அந்தக் கடைக் கம்ப்யூட்டர் உங்கள் போனுக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுகிறது. பழைய ஆண்ட்ராய்டில் நீங்களாக ரத்து செய்யும் வரை அந்த அனுமதி அப்படியே நிற்கும். ஏற்கெனவே எங்காவது அனுமதி கொடுத்த ஞாபகம் இருந்தால் இப்போதே 'ரிவோக் யூஎஸ்பி டீபக்கிங் ஆத்தரைசேஷன்ஸ்' என்பதைத் தட்டிவிடுங்கள். எல்லாம் அழியும். பிறகு டீபக்கிங்கையும் அணைத்துவிடலாம்.

டிஸ்பிளே உடைந்து டச் போனால் டீபக்கிங் ஆனில் இருந்தால்தான் உள்ளே இருப்பதை எடுக்க முடியும் என்று ரிப்பேர் கடையில் சொல்வார்கள். அதுவும் முன்பே அனுமதி பெற்ற கம்ப்யூட்டர் கையில் இருந்தால்தான் ஒழுங்காக நடக்கும். அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்க வாசலைத் திறந்து போடுவதைவிட, படங்களை அவ்வப்போது பேக்கப் எடுப்பது மேல்.

போனில் அழைத்து "பேங்கில் இருந்து பேசுறோம், பில்டு நம்பரைத் தட்டுங்க" என்று யாராவது சொன்னால் பேச்சைக் கேட்க வேண்டாம், வைத்துவிடுங்கள். எந்த வங்கிக்கும் உங்கள் டெவலப்பர் மெனு தேவையில்லை. பணம் போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே அழைக்க வேண்டும்.

வங்கி ஆப் திறக்காதபோது

"மக்கா, பேங்க் ஆப்பு தொறக்க மாட்டேங்குதுல்லா" என்று அம்மை வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு வாய்ஸ் மெசேஜ் போடுவார். மகன் போன விடுமுறைக்கு வந்தபோது அனிமேஷனைக் குறைத்துவிட்டுப் போயிருப்பான், மறந்தும் போயிருப்பான். நம் நாட்டு வங்கி ஆப்களில் பல, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் ஆனில் இருந்தாலோ டீபக்கிங் இருந்தாலோ உள்ளே விடாது. ஆப்பை அழித்துத் திரும்ப ஏற்றுவதால் பயனில்லை. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் மெனுவின் மேலே இருக்கும் முதல் பொத்தானை அணைத்து, ஆப்பை முழுக்க மூடித் திறந்தால் தீர்ந்தது. அணைத்தால் அனிமேஷன் பழைய அளவுக்குத் திரும்பும் போன்களும் உண்டு, குறைத்தபடியே நிற்பவையும் உண்டு. அம்மை போனில் வங்கி ஆப் இருந்தால் இந்த மெனுவை விட்டுவிடுங்கள். ஆக்சசிபிலிட்டியில் 'ரிமூவ் அனிமேஷன்ஸ்' என்று ஒன்று அண்மைப் பதிப்புகளில் இருக்கிறது. முழுக்க அணைத்தால் வரும் தொல்லை அதிலும் உண்டு, ஆனால் வங்கி ஆப் முறைக்காது.

'மாக் லொக்கேஷன்' இன்னொன்று. விளையாட்டுக்காகப் பையன் பொய் இருப்பிடம் காட்டும் ஆப் ஒன்றை ஏற்றி இதில் தேர்ந்தெடுத்து வைத்திருப்பான். குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளத்தில் போகிறவர்கள் பார் (கடலடிப் பாறை) இருக்கும் இடத்தைக் குறித்து வைக்கப் போனின் ஜிபிஎஸ்ஸைப் பார்ப்பதுண்டு. அந்த ஆப் ஓடிக்கொண்டிருந்தால் கடலில் நிற்கும் அப்பாவுக்குப் போன் வேறெங்கோ இருப்பதாகக் காட்டும். இது சிரித்துவிட்டுப் போகிற தவறில்லை. கடலுக்குப் போகும் போனில் இந்த இடம் காலியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஓஇஎம் அன்லாக்கிங்கை ஆன் செய்தால் உடனே எதுவும் மாறாது, அதனால்தான் சும்மா கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அது பூட்லோடரை, அதாவது போன் ஆனாகும்போது ஆண்ட்ராய்டை ஏற்றும் நிரலை, திறக்க அனுமதி. திருடு போன போனைப் பிறர் பயன்படுத்தவிடாமல் தடுக்கும் பாதுகாப்பு அதனால் தளரும் என்று ஆன் செய்யும்போதே ஆண்ட்ராய்டு எச்சரிக்கும். பூட்லோடரை நிஜமாகவே திறந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும், யூபிஐ ஆப்கள் முகம் திருப்பும். கஸ்டம் ராம் (ROM), அதாவது கம்பெனி கொடுத்ததை எடுத்துவிட்டு வேறு ஆண்ட்ராய்டு, போடத் தெரிந்தவருக்கு அது சரி. மற்றவர்கள் அணைத்தே வையுங்கள்.

ரிப்பேர் கடைக்கு ஓடும் முன்

குழந்தை கையில் போன் போய், மெனு திறந்தே கிடந்தால் வினோதங்கள் நடக்கும். திரை கறுப்பு வெள்ளையானால் டிஸ்பிளே போய்விட்டது என்று மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறாதீர்கள். முதலில் 'சிமுலேட் கலர் ஸ்பேஸ்' என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். தூங்கும் நேரத்துக்கான பெட்டைம் மோடும் நிறத்தை எடுத்துவிடும், அதையும் பார்க்க வேண்டும். ஓரத்தில் சிவப்பாக மின்னினால் 'ஸ்டிரிக்ட் மோட்'. எல்லாம் வலமிருந்து இடமாகப் புரண்டிருந்தால் 'ஃபோர்ஸ் ஆர்டிஎல்'. தொடும் இடமெல்லாம் கோடு விழுந்தால் 'பாயின்டர் லொக்கேஷன்'. கடையில் காசு கொடுக்க வேண்டிய வியாதி எதுவும் இதில் இல்லை.

'ஸ்மாலஸ்ட் விட்த்' மட்டும் கொஞ்சம் வில்லங்கம். திரையில் எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதை ஓர் எண்ணால் சொல்வது. 360, 411 என்று போனுக்குப் போன் மாறும். பழைய எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் வாய்க்கு வந்ததைப் போட்டால் எழுத்து கண்ணுக்கே தெரியாமல் சுருங்கும், அல்லது பொத்தான்கள் திரைக்கு வெளியே போய்விடும். எழுத்து பெரிதாக வேண்டுமென்றால் சாதாரண டிஸ்பிளே செட்டிங்ஸிலேயே அளவு மாற்றலாம்.

எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றி, ஒருநாள் ஓட்டிப் பார்த்து, அடுத்ததுக்குப் போங்கள். மாற்றும் முன் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது எளிது. அப்புறம், இவை எதையும் தொடும் முன்பு ஸ்டோரேஜைப் பாருங்கள். 32 ஜிபி போனில் ஒரு ஜிபிகூட மிச்சமில்லாமல், குடும்ப குரூப்பின் காலை வணக்கப் படங்களும் கல்யாண வீடியோக்களும் நிறைந்திருந்தால் எந்த ஸ்கேலைக் குறைத்தும் பிரயோஜனமில்லை. வாட்ஸ்அப்பிலேயே செட்டிங்ஸில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' இருக்கிறது, பெரிய ஃபைல்களை அதுவே வரிசைப்படுத்திக் காட்டும்.

போனை அடுத்த கைக்குக் கொடுக்கிறீர்களா? மாற்றியதை ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, ஓஇஎம் அன்லாக்கிங்கையும் டீபக்கிங்கையும் அணைத்து, கடைசியாக மேலே உள்ள முதல் பொத்தானை அணையுங்கள். பல போன்களில் மெனு மறைந்துவிடும். மறையாவிட்டால் ஆப்ஸ் பட்டியலில் செட்டிங்ஸ் ஆப்பைத் தேடி அதன் டேட்டாவை கிளியர் செய்தால் போகும். முழுதாக ஃபேக்டரி ரீசெட் செய்துதான் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் கூகுள் கணக்கை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் வாங்கினவர் உங்கள் பாஸ்வேர்டுக்காக வீட்டு வாசலில் வந்து நிற்கக்கூடும்.