சாவு சேதி எழுதும்போது எந்த வார்த்தை போடணும்

ஒரு வீட்ல யாராவது தவறிட்டா கொஞ்ச நேரத்துலயே வாட்ஸ்அப்புக்கும் போஸ்டருக்கும் ரெண்டு வரி எழுதித் தரச் சொல்லி நம்ம கிட்ட வருவாங்க, அழுதுட்டு இருக்குறவங்க கிட்ட போய் என்னத்த கேக்குறதுன்னு நாமளே ஏதோ ஒன்னைப் போட்டுடுவோம். எங்க மாமா தவறினப்ப நான் அப்படித்தான் ‘இறைவனடி சேர்ந்தார்’னு எழுதிக் கொடுத்துட்டேன், காலம் பூரா கறுப்புச் சட்டை போட்டவரு அவரு. சுவத்துல ஒட்டினதைப் பாத்துட்டு அத்தை “அவரு இருந்திருந்தா இதைக் கிழிச்சிருப்பாருடா”ன்னாங்க, வேற ஒன்னும் சொல்லல. இன்னும் உறுத்துது.

அதனால முதல்ல வீட்டாள் ஒருத்தரைத் தனியா கூப்பிட்டு கேட்டுருங்க. சாமி கும்பிடாதவங்கன்னா ‘இயற்கை எய்தினார்’, இயற்கைலேருந்து வந்த உடம்பு இயற்கையோடவே சேந்துடுச்சுன்னு அர்த்தம், திராவிட இயக்கத்துக்காரங்க, கம்யூனிஸ்ட் வீடுகள்ல இதைத்தான் போடுவாங்க. சைவம்னா ‘சிவலோக பதவி’, வைணவம்னா ‘வைகுண்ட பதவி’, ஐயங்கார் வீடுகள்ல ‘ஆசார்யன் திருவடி அடைந்தார்’னும் சொல்லுவாங்க. ஃப்ளெக்ஸ் கடைல பழைய டிசைன்லயே பேரை மட்டும் மாத்துவாங்க, நெத்தி நிறைய நாமம் போட்ட தாத்தா படத்துக்குக் கீழ சிவலோக பதவின்னு வந்துடும், ப்ரூஃப் பாக்காம பிரிண்ட்டுக்கு விடாதீங்க.

கிறிஸ்தவங்க ‘கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார்’னு போடுவாங்க, திரும்ப எழுந்திருப்பாங்கங்குற நம்பிக்கை அது. சாவைத் தூக்கம்னு சொல்றது தமிழ்ல ரொம்ப பழசு, செத்தாரைத் துஞ்சினார்னு சொல்றதை இலக்கணத்துல மங்கல வழக்குன்னே வச்சிருக்காங்க, துஞ்சுறதுன்னா தூங்குறது. புறநானூத்துல வர்ற சோழ ராஜா கிள்ளிவளவனுக்கு, குளமுற்றம்ங்குற இடத்துல செத்ததால, ‘குளமுற்றத்துத் துஞ்சிய’ங்குறது பேரோடவே ஒட்டிக்கிச்சு, கொப்பம் போர்க்களத்துல யானை மேலயே உயிர் விட்ட முதலாம் ராஜாதிராஜனைச் சோழர் கல்வெட்டுல ‘யானைமேல் துஞ்சின தேவர்’னு சொல்றாங்க. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிலிர்க்கும், போர்க்களத்துல செத்தவரைக் கூட தூங்கினாருன்னு சொல்ற மரியாதை பாருங்க.

முஸ்லிம் வீடுன்னா ‘வஃபாத் ஆனார்’, கூடவே ‘தாருல் ஃபனாவை விட்டு தாருல் பகாவை அடைந்தார்’னும் எழுதுவாங்க, அழியுற வீட்டை விட்டு நிலைச்ச வீட்டுக்குப் போயிட்டாருன்னு அர்த்தம்.

கேக்கவே ஆள் இல்லன்னா ‘காலமானார்’ போடுங்க, காலத்தோட கலந்துட்டாருங்குற அர்த்தத்துல எல்லாருக்கும் பொருந்தும்.

கண் தானம், உடல் தானம் கொடுத்தவங்களுக்கு ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ங்குறது ரொம்ப பொருத்தமான வரி. சீதக்காதி 17-ஆம் நூற்றாண்டுல கீழக்கரைல இருந்த பெரிய வணிகர், வள்ளல். அவர் அடக்கமான பிறகு தேடி வந்த புலவருக்கு கபுருக்குள்ளேருந்து கை நீட்டி மோதிரம் கொடுத்தாருன்னு கதை சொல்லுவாங்க.

போன்ல சேதி சொல்லும்போது அந்தந்த ஊர்ப் பேச்சுலயே சொல்லுங்க, தெக்க ‘கேதம்’, நெல்லைப் பக்கம் ‘துட்டி’, வயசானவங்க ‘பெரிய காரியம்’னு சொல்லுவாங்க. ‘எழவு’ங்குறது இழப்புலேருந்து வந்த வார்த்தைதான், ஆனா இப்ப திட்டுறதுக்கே அதிகம் ஆயிடுச்சு, அந்த வீட்டுக்காரங்க காதுல விழுற மாதிரி சொல்லாதீங்க. கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’னும் சொல்ல வேணாம், இன்னொரு சாவுக்கு வரேன்னு ஆயிடும்னு நினைப்பாங்க, கையைப் பிடிச்சுட்டு சத்தமில்லாம வந்துடுங்க.