ஆட்டுப்பால் சோப்பு ஏன் கெடுகிறது? காவிரிப் படுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டுப்பால் சோப்புக்கான செய்முறைகளில் பல, குளிர்நாட்டுச் சமையலறைகளில் எழுதப்பட்டவை. அவற்றில் ‘அறை வெப்பநிலை’ என்பது 20 பாகை செல்சியஸை ஒட்டிய சூடு. தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ வைகாசிப் பிற்பகலில் அடுப்பு எரியாத சமையலறையே 35 பாகையைத் தொட்டுவிடும். இந்த வேறுபாட்டைக் கருதாமல் செய்வதே நம் பகுதியில் சோப்பு கெடுவதற்கு முதற்காரணம் என்பது என் துணிபு.

பாலும், எண்ணெயைச் சோப்பாக்கும் காரமான காஸ்டிக் சோடாவும் சேரும் கட்டத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். சோடா கரையும்போது பெருஞ்சூடு வெளிப்படுவதால், உறையாத பாலில் அதைச் சேர்த்தால் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை நிறம் மாறிக் கலவை மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறத்துக்குப் போகும். புரதம் சிதைந்து அம்மோனியா நெடியும் எழும். ஃபிரிட்ஜில் வைத்த பாலே போதும் என்று நம்பி, சோடா முழுவதையும் ஒரே தடவையில் கொட்டிய என் முதல் முயற்சி இப்படித்தான் முடிந்தது. பாலை எடைபோட்டு, ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக உறையவைத்து, பாத்திரத்தை ஐஸ் நீர் நிரம்பிய அகலத் தட்டில் அமர்த்தி, சோடாவைக் கரண்டி கரண்டியாகத் தூவிக் கலக்க வேண்டும்; இதற்குக் கால் மணி நேரத்துக்குமேல் ஆனாலும் அவசரப்படக் கூடாது. கரையாத துணுக்குகள் அடியில் தங்கினால் அவை சோப்புக்குள் வெள்ளைப் பொட்டுகளாக நின்று தோலைப் புண்ணாக்கும் என்பதால், எண்ணெயில் ஊற்றும்போது எவர்சில்வர் வடிகட்டியில் வடித்துவிடுவது நல்லது. இதற்குப் பொறுமையில்லாதவர்கள், சோடாவை அதன் எடைக்குச் சமமான காய்ச்சிவடித்த நீரில் கரைத்து ஆறவிட்டு, செய்முறை சொல்லும் நீரளவில் மீதிக்கு ஈடாகப் பாலை எண்ணெயுடன் சேர்க்கலாம். எந்த முறையானாலும் சோடாவைத்தான் நீர்மத்தில் இட வேண்டுமே தவிர, சோடாவின்மேல் நீரையோ பாலையோ ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். ஆகவே எவர்சில்வர் பாத்திரமே நல்லது.

அடுத்த பெருந்தவறு ஆழாக்கிலும் டம்ளரிலும் அளப்பது. 500 கிராம் தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக மாறச் சுமார் 90 கிராம் சோடா வேண்டும்; அதே எடை நல்லெண்ணெய்க்குச் சுமார் 67 கிராமே போதும். கைவசம் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெயை ஊற்றி, சோடாவின் அளவை மட்டும் பழையபடி விட்டுவிட்டால், எஞ்சும் சோடா தோலை எரிக்கும். கணக்கிட்ட அளவில் 5 விழுக்காடு குறைத்து இடுவது பாதுகாப்பானது. திறந்து வைத்திருந்த சோடா, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வலுவிழந்திருக்கும். அதைக் கொண்டு செய்தால் சோப்பு இறுகாமல் கொழகொழப்பாகவே இருக்கும்.

மார்கழியில் வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தேங்காயெண்ணெய் எவ்வளவு நயமானதாக இருந்தாலும், ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். உறைந்த பால் கலந்த குளிர்க்கரைசல் அதில் விழுந்தவுடன் கலவை இட்லி மாவுப் பதத்துக்குத் தடித்து, சோப்பு கூடிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் எண்ணெய்தான் உறைந்திருக்கும். அதை அச்சில் ஊற்றினால் மறுநாள் எண்ணெயும் நீரும் பிரிந்து நிற்கும். எண்ணெயை 35 பாகை அளவுக்கு இளஞ்சூடாக்கிக் கொண்டால் இந்தக் குழப்பம் நேராது.

கோடையிலோ இதற்கு நேர்மாறான தொல்லை. பாலின் சர்க்கரை அச்சுக்குள்ளும் சூட்டைக் கூட்டுவதால், துணி போர்த்திய சோப்பு நடுவில் வெடித்துப் பொங்கும். போர்த்தாமல், சிறிய அச்சுகளில் ஊற்றி, முதல் நாள் ஃபிரிட்ஜில் வைக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சோப்பின்மேல் முத்து முத்தாக நீர் அரும்பும். அது சோப்பிலேயே உண்டாகும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் வருவது, கெட்டுப்போனதன் அடையாளமன்று. நான்கு முதல் ஆறு வாரம் உலர்த்தச் சொல்லும் கணக்கை மழைக்காலத்தில் நீட்டிக்கொள்ள வேண்டும். மேலே படியும் வெண்பொடி சோடியம் கார்பனேட். ஈரத்துணியால் துடைத்தால் போகும். ஆனால் ஆரஞ்சு நிறப் புள்ளிகளும் சிக்கு வாடையும் தோன்றினால் எண்ணெய் ஊசிவிட்டது என்றே பொருள். நல்லெண்ணெயை அதிகம் சேர்ப்பதும், பழைய எண்ணெயைப் பயன்படுத்துவதும், கணக்குக்கு மீறி எண்ணெயை மிச்சம் விடுவதும் இதற்கு வழி வகுக்கும். பலகாரம் சுட்ட எண்ணெய் அறவே வேண்டாம்.

கடலோர ஊர்களில் நுரை வரவில்லை என்ற குறையை அடிக்கடி கேட்கிறேன். உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திரையாகிவிடும். மழைநீரில் ஒருமுறை தேய்த்து நுரை வருகிறதா என்று பார்த்த பிறகே செய்முறையை மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.